பின் சீட்டில் தூங்கிய பயணி

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்று கவனிக்கிறேன். அதிவேக ரயில் என்றதும் எல்லோருக்கும் வேகம் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த நாட்டு ரயில், அதன் மூக்கு எவ்வளவு நீளம் என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். பேசுங்கள், அதுவும் ஒரு சந்தோஷம்தான். ஆனால் பயணிகள் கணக்கைப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு வேகம் பெரிய கேள்வியே இல்லை. காலையில் வாசலில் செருப்பு மாட்டும் ஒரு மனிதர் கார் சாவியை எடுப்பாரா, ஆணியிலேயே விட்டுவிட்டுப் போவாரா என்பதுதான் கேள்வி. என் உத்தியோக காலம் முழுக்க அந்தச் சாவியைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

உங்கள் பயிற்சி வகுப்புக்காக ஏதாவது எழுதித் தாருங்கள், தப்பு நடந்த கதையாக இருந்தால் நல்லது என்று கேட்டார்கள். தப்பும் உண்டு. ஆனால் இது கடைசியில் ஜெயித்த கதை. ஓய்வு பெற்றவள் பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓர் அதிவேகப் பாதைக்குத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்த நேரம். நான் இருந்த ஆலோசனை நிறுவனத்துக்குப் பயணிகள் கணக்கு வேலை வந்தது. எத்தனை பேர் ஏறுவார்கள், எங்கே ஏறுவார்கள், இப்போது எதில் போய்வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வுக்கு முன் எனக்குக் கிடைத்த கடைசிப் பெரிய வேலை அது.

பாதை போகும் இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. சென்னைக்கு மேற்கே சுங்குவார்சத்திரம் பக்கம் தூண்களின் மேல் ஏறி, வயல்களையும் தொழிற்சாலைக் கூரைகளையும் தாண்டிப் போகும். மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: அங்கே ரயில் நிற்குமா, நிற்காதா?

நிற்கவே கூடாது என்பவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு நிறுத்தம் கூடினால் சென்னையில் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் சில நிமிடங்கள் கூடும். நிமிடம் கூடக்கூட ரயிலின் கவர்ச்சி குறையும். மறுபக்கம் பாருங்கள். பக்கத்துத் தொழிற்பேட்டையான ஒரகடத்தில் வேலை செய்யும் ஒருவர் பெங்களூருக்குக் கிளம்புகிறார். இங்கே நிறுத்தம் இல்லையென்றால் முதலில் எதிர்த்திசையில் பூந்தமல்லி நெரிசலில் நீந்திச் சென்னைக்குள் போய்த்தான் ரயிலேற வேண்டும். அவர் சென்னை போய்ச் சேரும் நேரத்துக்குக் காரை நேராக மேற்கே விட்டிருந்தால் வேலூரைத் தாண்டியிருப்பார். ரயில் காற்றாகப் பறந்தாலும் அவருக்கு என்ன? அவர் சாவியைத்தான் எடுப்பார்.

எனக்கு இதில் ஒரு சொந்த வம்பும் இருந்தது. சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம்தான் என் ஊர். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம் எங்களுடையது. மிச்சமிருந்த துண்டு வயலில் இப்போது ரயில் தூண் இறங்கப் போகிறது. அண்ணன் மகள்கள் இரண்டு பேரும் தினம் கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்குப் போய்வருகிறவர்கள். அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். "ஏம்மா, நம்ம தலைமேல போற வண்டி நம்மூர்ல நிக்குமா, இல்ல டாட்டா காட்டிகினு பூடுமா?"

நிலத்தையும் வாங்கிக்கொண்டு, தலைக்கு மேலே ரயிலையும் ஓட்டிவிட்டு, ஏறுவதற்கு மட்டும் சென்னைக்குப் போ என்றால் அது எந்த ஊர் நியாயம்? எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் ஆத்திரத்தை அறிக்கையில் எழுத முடியாது.

எங்கள் குழுத் தலைவர் தென்காசிப் பக்கத்துக்காரர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் தலைவர் என்றே சொல்கிறேன். இது என் ஊர் என்று அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிவிடுங்கள், பிறகு இன்னொருவர் வாயால் தெரியவந்தால் நீங்கள் பார்த்த அத்தனை கணக்கும் நாறிப்போகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நல்லதும்மா, எங்கிட்ட சொல்லிட்டீங்க. ஆனா நிறுத்தம் வேணும்னு நீங்க வாயத் தொறந்தீங்கன்னா, ஊர்ப்பாசத்துல பேசுதாங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. கணக்கு பேசட்டும். நீங்க பேசாதீங்க."

கணக்கும் பேசியது. எங்கள் ஊருக்கு எதிராகப் பேசியது.

சாலையோரத்தில் போலீஸ் உதவியோடு வண்டிகளை ஓரம்கட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பது நம் தொழிலில் வழக்கம். சுங்குவார்சத்திரத்தில் அப்படிக் கேட்டோம். கூடவே ஒரு கேள்வி: இங்கே அதிவேக ரயில் நிலையம் வந்தால் காரை விட்டுவிட்டு ரயிலில் போவீர்களா? பெரும்பாலான கார்களிலிருந்து வந்த பதில், போகமாட்டோம். அதை வைத்து வரைவு அறிக்கை தயாரானது. இந்த வட்டாரத்துக்காரர்கள் காரை விட மாட்டார்கள், ஆகவே நிறுத்தம் தேவையில்லை என்று அதில் பளிச்சென்று எழுதியிருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக் கூட்டங்களுக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் மேலாளர்கள் பேசுவதே அந்த நெடுஞ்சாலையைப் பற்றித்தான். பெங்களூரு போய்வந்தால் இடுப்பு கழன்றுவிடுகிறது என்பார் ஒருவர். போகிற வழியில் லாரி கவிழ்ந்து ஒரு நாள் வேலையே போச்சு என்பார் இன்னொருவர். இவ்வளவு புலம்புகிறவர்கள் ரயில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்? தலைவரிடம் கேட்டேன்.

"கணக்கு நமக்குப் புடிக்கலன்னு அத அடிக்கப்படாதும்மா. எங்க தப்புன்னு காட்டுங்க, நானே அடிக்கேன்," என்றார்.

அவர் சொன்னது சரி. தப்பு எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையை முடிவு செய்யும் ஆய்வுக் கூட்டத்தை ஒரகடத்தில் ஒரு அரங்கில் வைத்திருந்தார்கள். ஆய்வுக் குழுவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்ற உயர் அதிகாரி, பெங்களூரில் குடியேறிவிட்ட தமிழர். கறாரானவர். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு அந்த நிறுத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதே நாள் காலையில் சுங்குவார்சத்திரத்தில் எங்கள் கணக்கெடுப்பு இன்னொரு முறை, சரிபார்ப்பதற்காக, நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்குப் போகிற வழியில் என் காரை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று போய் நின்றேன்.

தண்டலம் பக்கத்துக் கல்லூரி மாணவிகள் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு நின்றார்கள். கான்ஸ்டபிள் கை காட்ட, பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரிய வெள்ளைக் கார் ஓரம் கட்டியது. ஓட்டுநர் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசும்மா. சார் தூங்கிகினு கீறாரு."

மாணவி குரலைத் தாழ்த்தினாள். "எங்கேருந்து வர்றீங்க அண்ணா?"

"பெங்களூரு."

"எங்க போறீங்க?"

"ஒரகடம்."

"இந்த வழியா அடிக்கடி போவீங்களா?"

"இன்னா அப்படிக் கேட்டுட்ட? நம்ம பொழப்பே அதான். எந்த சார் கூப்டாலும் போவேன்."

"இங்க அதிவேக ரயில் ஸ்டேஷன் வந்தா, கார விட்டுட்டு ரயில்ல போவீங்களா?"

"நான் எதுக்கும்மா ரயில்ல போறேன்? நான் ரயில்ல பூட்டா இந்த வண்டிய யாரு ஓட்டுவாங்க? தோ, போலீஸ்காரரா?"

மாணவி சிரித்துவிட்டாள். கான்ஸ்டபிளும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, 'போகமாட்டேன்' என்ற கட்டத்தை அவள் விரல் தொடுவதைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பெங்களூரிலிருந்து வந்த பயணி பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அவருக்காகப் பதில் சொன்னவர், அவர் ரயிலுக்கு மாறினால் பிழைப்பை இழக்கக்கூடியவர். நாங்கள் ஓட்டுநரைக் கேட்டுவிட்டுப் பயணி சொன்னதாக எழுதிக்கொண்டிருந்தோம். அடுத்த கார் வந்தது. அதற்கடுத்தது வந்தது. வார நாளில் அந்தச் சாலையில் அவ்வளவு தூரம் போகும் கார்கள் பெரும்பாலும் கம்பெனி வண்டி, இல்லையென்றால் டிராவல்ஸ் வண்டி. ஒவ்வொன்றிலும் வலது பக்கக் கண்ணாடி மட்டும்தான் இறங்கியது. பின்னால் இருப்பவரை எழுப்பாமல், தொந்தரவு செய்யாமல், போலீஸோ டோலோ எதுவானாலும் தானே பேசி அனுப்பிவிடுவதுதான் நல்ல ஓட்டுநருக்கு அழகு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டல்லவா? அந்த நல்ல பழக்கம் எங்கள் கணக்கின் கழுத்தை அறுத்துவிட்டது.

கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து திட்டத்தோடு வந்தது. அங்கே காரில் போகிறவர்தான் காரை ஓட்டுகிறவர். இங்கே ஓட்டுகிறவர் ஒருவர், போகிறவர் ஒருவர், சில சமயம் அனுப்புகிறவர் வேறொருவர். தமிழில் அழகாக மொழிபெயர்த்திருந்தோம். வரிக்கு வரி சரியாக இருந்தது. காருக்குள் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். அந்த வெள்ளைக் கார் கிளம்பும்போது பின் சீட்டு முகத்தை நன்றாகப் பார்த்தேன். தூங்கிக்கொண்டு போனவர் வேறு யாருமில்லை, எங்கள் ஆய்வுக் குழுவின் தலைமை அதிகாரிதான்.

காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் எனக்குக் கை கால் நிற்கவில்லை. பாட்டுப் பாடாத குறைதான். யார் நம்மைத் தூக்கி எறியப் போகிறாரோ அவர் பெயரிலேயே ஒரு தப்பான பதில் பதிவாகியிருக்கிறது! கூட்டத்தில் எழுந்து, "சார், இன்று காலை நீங்களே ரயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், தூக்கத்தில்" என்று சொன்னால் போதும். ஒரே வரியில் வேலை முடிந்தது.

ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் பின்னிக்கொண்டு கிடந்தன. மெதுவாக ஊர்ந்து அரங்குக்கு வந்து சேர்ந்து, பின்புறம் வண்டியை நிறுத்தினேன். அந்த வெள்ளைக் கார் எனக்கு முன்பே வந்திருந்தது. அதன் ஓட்டுநர் கதவைத் திறந்துபோட்டுக் கால் நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"மேடம், நீங்க காலைல அங்க நின்னுகினு இருந்தீங்க இல்ல? அந்த சர்வே உங்களுதா?"

"ஆமா. உங்க பேரு இன்னா? எந்த ஊரு?" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது.

"ஏகாம்பரம் மேடம். இங்கதான், வல்லக்கோட்டை பக்கம் வூடு. சாரக் கூட்டியாறதுக்கு டிராவல்ஸ்ல அனுப்சாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். சார் வந்ததே இந்த ரயில் மேட்டருக்குத்தான்னு இப்பதான் வாட்ச்மேன் சொன்னாரு. நான் பாட்டுக்கு அவரு வண்டியில குந்திகினு ரயில் வேணாம்னு சொல்லிட்டேன். அவரு காதுக்குப் போச்சுன்னா டிராவல்ஸுக்கு ஒரு போன் போட்டுடுவாரு. ரெண்டு புள்ளைங்க படிக்குது மேடம். சொல்லிடாதீங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ தலையாட்டியிருப்பேன். கையில் கிடைத்த ஒரே ஆயுதம் அவர் தலையில்தான் விழும்.

உள்ளே தலைவரைப் பிடித்து, பார்த்ததை எல்லாம் கொட்டினேன். அவர் முகம் மாறியது. பிறகு, "எப்படிம்மா இவ்வளவு நாள் நம்ம கண்ணுல படாம போச்சு?" என்றார். கூடவே, "அவரு வண்டிய வச்சே சொல்லிருங்க. அவருக்கு உடனே உறைக்கும்," என்றார். நான் ஏகாம்பரம் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். "சரிதான். இத எப்படிச் சொல்லணும்னு உங்களுக்கே தெரியும். ஆனா இன்னைக்கு விட்டா அடுத்த தடவன்னு ஒண்ணு கெடையாது, பாத்துக்கிடுங்க."

கூட்டம் ஆரம்பித்தது. தொழிற்சாலை மேலாளர்கள், அதிகாரிகள், பொறியாளர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. தலைமை அதிகாரி நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவோடு வரைவு அறிக்கையைப் புரட்டினார்.

"இதுல பேச என்ன இருக்கு? ஜனங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கேட்காதவங்களுக்கு ஸ்டேஷன் கட்டிக் கொடுக்கிறது நம்ம வேலை இல்ல. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

எழுந்தேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். இந்தப் பாதையோட தூண் எங்க வயல்ல இறங்குது. சுங்குவார்சத்திரம் பக்கம்தான் என் ஊர். அதனால நான் சொல்றத நீங்க ரெண்டு மடங்கு சந்தேகத்தோட கேக்கலாம்."

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவர் புருவத்தை உயர்த்தினார். "சரி, சொல்லுங்க."

"இங்க இருக்கறவங்கள்ல இன்னைக்குக் காரைத் தானே ஓட்டிகிட்டு வந்தவங்க யார் யார் சார்? கை தூக்கச் சொல்லுங்க."

"இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார். ஆனால் தானும் ஒருமுறை அரங்கைச் சுற்றிப் பார்த்தார். என் கை ஒன்றுதான் மேலே இருந்தது. மற்ற அத்தனை பேரும் ஓட்டுநர் வைத்து வந்தவர்கள்.

"இன்னைக்குக் காலையிலகூட சுங்குவார்சத்திரத்துல எங்க கணக்கெடுப்பு நடந்துது. உங்கள்ல யாரையாவது, ரயில்ல போவீங்களான்னு கேட்டாங்களா சார்? இன்னைக்கு இல்லன்னா முன்னாடி எப்பவாவது?"

எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். தலைமை அதிகாரி என்னை முறைத்தார். "நான் அந்த வழியாத்தான் வந்தேன். என்னை யாரும் கேட்கல. என் வண்டியை யாரும் நிறுத்தக்கூட இல்லையே!"

அந்த இடம்தான் பிள்ளைகளே. ஒரு வார்த்தை போதும். நிறுத்தினோம் சார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன் சார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அரங்கே என்னைப் பார்க்கிறது. தலைவர் என்னைப் பார்க்கிறார். எனக்கோ வெளியே கார் கதவில் சாய்ந்து நிற்கும் ஏகாம்பரம் முகம்தான் தெரிந்தது. என் ஊருக்கு ரயில் நிற்க வேண்டும் என்பதற்காக என் ஊர்ப் பக்கத்து மனிதனின் வேலையை நிறுத்தினால், பிறகு அந்த நிலையத்தில் நான் எந்த முகத்தோடு இறங்குவது?

"நிறுத்தியிருந்தாலும் உங்கள கேட்டிருக்க மாட்டோம் சார்," என்றேன். "எங்க கேள்வித்தாள்ல பின் சீட்டே கிடையாது."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கினேன். வலது பக்கக் கண்ணாடி மட்டும் இறங்குவதை, உதட்டில் விரல் வைப்பதை, காரை விடுவீர்களா என்று காரை ஓட்டிப் பிழைப்பவரையே கேட்டதை, எந்தக் கார் என்று சொல்லாமல் எல்லாக் கார்களுக்கும் பொதுவாகச் சொன்னேன். ஓட்டுநர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களைக் கேட்ட கேள்விக்கு அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆளை மாற்றிக் கேட்டது நாங்கள்தான் என்றேன்.

திடீரென்று நடுவரிசையில் ஒரு தொழிற்சாலை மேலாளர் வெடித்துச் சிரித்தார். "மேடம் சொல்றது நிஜம் சார்! மாசத்துல பாதி நாள் நான் அந்த ரோட்லதான் இருக்கேன். என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டா கால்ல விழுந்து ரயில் வேணும்னு சொல்லியிருப்பேன்!" அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அதற்குப் பின்னால் இன்னொருவர். லாரி கவிழ்ந்த கதையும் இடுப்பு வலிக் கதையும் சாப்பாட்டு மேசையிலிருந்து நேராகக் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன.

தலைமை அதிகாரி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு எங்கள் தலைவர் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது சரிதானா? இது உங்க அறிக்கைதானே?"

சமாளிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் தலைவர் ஆயிரம் வழியில் சமாளித்திருக்கலாம். அவர் எழுந்து நின்றார்.

"சரிதான் சார். நாங்க டிரைவர்களோட விருப்பத்த அளந்துட்டு, பயணிகளோட விருப்பம்னு எழுதிட்டோம். வரைவுல கையெழுத்து என்னோடது. திருப்பி எடுத்துக்கிடுதேன்."

இத்தனை வருட உத்தியோகத்தில் நான் பார்த்த மிகப் பெரிய தைரியம் அது. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார் என்று சொன்னேன் அல்லவா? இப்படிப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது, அதற்காகத்தான்.

அதிகாரி அறிக்கையை மூடினார். "அப்ப மறுபடியும் கேளுங்க. இந்தத் தடவை தூங்கறவங்களை எழுப்பிக் கேளுங்க."

கேட்டோம். இந்த முறை சாலையோரத்தை மட்டும் நம்பவில்லை. தொழிற்சாலைகளுக்குள் போய், பெங்களூரு போய்வருகிறவர்களை அவர்கள் இருக்கையிலேயே பிடித்துக் கேட்டோம். கார் ஏற்பாடு செய்யும் பிரிவினரைக் கேட்டோம். சாலையில் முன் சீட்டுக்கு ஒரு கேள்வி, பின் சீட்டுக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாக வைத்தோம். பின் சீட்டிலிருந்து வந்த பதில் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. இங்கேயே நின்றால் ரயிலில் போவோம், சென்னைக்குப் போய் ஏறச் சொன்னால் காரை விட மாட்டோம். எல்லோரும் கேட்ட மறுகேள்வியும் ஒன்றுதான்: ஸ்டேஷன் வரைக்கும் எப்படி வருவது?

அதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே நின்றுகொண்டிருந்தது. ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் அடுத்த ஷிப்ட் வரை சாலையோரம் வரிசையாகச் சும்மா நிற்கும். அந்த இடைவெளியில் அவற்றை நிலையத்துக்கு விடலாமா என்று கேட்டுப் பார்த்தோம். சில தொழிற்சாலைகள் முகம் சுளித்தன, சில உடனே சரி என்றன. சரி என்றவை போதும்.

ஓட்டுநர்களையும் இந்த முறை அவர்களுக்காகவே கேட்டோம். ரயில் வந்தால் உங்கள் வேலை என்னவாகும், உங்களுக்கு எது கஷ்டம், எது வேண்டும் என்று. எல்லோரும் சந்தோஷப்படவில்லை. தொலைதூர ஓட்டத்தையே நம்பியிருந்த சிலர் எங்களைத் திட்டித்தான் அனுப்பினார்கள். அதையும் அறிக்கையில் எழுதினோம். இன்னும் பலர் சொன்னது வேறு. ஓட்டுவது கஷ்டமில்லை, பெங்களூரில் சார் வரும்வரை வண்டியிலேயே படுத்துக் காத்துக்கிடப்பதுதான் கஷ்டம் என்றார்கள். நிலையத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே சின்னச் சின்ன ஓட்டம் கிடைத்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாமே என்றார்கள். அதனால் நிலையத்தின் வரைபடத்தில் ஓட்டுநர்கள் வண்டி நிறுத்தவும் உட்காரவும் இடம் கேட்டு எழுதினோம். கார் வேண்டாம் என்று சொல்லி ரயில் ஜெயிப்பதில்லை. காருக்கு நியாயமான ஒரு வேலையைக் கொடுத்துத்தான் ஜெயிக்கும்.

இறுதிக் கூட்டமும் அதே அரங்கில் நடந்தது. திரையில் பாதையின் வரைபடம் வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில், எங்கள் வயலுக்குக் கொஞ்சம் தள்ளி, நிலையத்தைக் குறிக்கும் சின்ன வட்டம். தலைமை அதிகாரி அதன் மேல் விரலை வைத்து, "இது இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். கைதட்டல் எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. மேசைக்கு அடியில் அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'நம்மூர்ல நிக்கும்.'

ரயில் ஓட இன்னும் காலம் இருக்கிறது. நிலம், பணம், வழக்கு என்று எத்தனையோ உண்டு, அதெல்லாம் இனி உங்கள் பாடு. ஆனால் அந்த வட்டத்தை இனி யாராலும் எளிதில் அழிக்க முடியாது. அதற்குக் கீழே சரியான ஆட்களைக் கேட்டு வாங்கிய பதில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தலைமை அதிகாரி என்னை நிறுத்தினார்.

"அன்னைக்கு என் வண்டியை யாரும் நிறுத்தலன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்குத் திரும்பிப் போகும்போதே ஏகாம்பரம் எல்லாத்தையும் சொல்லிட்டார். நீங்க பக்கத்துலயே நின்னுகிட்டு இருந்ததையும் சொன்னார்."

"நீங்க அத அங்கேயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே."

"அவர் வேலையும் சேர்ந்து முடிஞ்சிருக்கும்னு பயந்தேன் சார்."

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை," என்றார். பிறகு, "ஆனா அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தானே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பின்புறம் அந்த வெள்ளைக் கார் காத்திருந்தது. ஏகாம்பரம் பின் கதவைத் திறந்து அவரை ஏற்றிவிட்டு, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"மேடம், ஸ்டேஷன் ஓகே ஆயிடுச்சாமே! என்னாண்ட வந்து கேட்டாங்க இல்ல, உனுக்கு இன்னா வேணும்னு? நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். எழுதிகினாங்களா இல்லையா தெரியல."

"இன்னா சொன்னீங்க?"

"ஸ்டேஷன் தொறக்கற அன்னைக்கு வாசல்ல மொத வண்டி என்னுதுதான். மொத சவாரி நீங்க. துட்டு வாங்கமாட்டேன், பின் சீட்ல குந்தவும் விடமாட்டேன். முன்னாடி வந்து குந்துங்க மேடம், பேசிகினே போலாம்."